அமெரிக்கன் டொப் 40 மறுஒலிபரப்பு: முதல் மணித்தியாலம் எங்கே போகிறது?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலைகளில் இணையத்தில் அமெரிக்க நிலையங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வாரத்தின் முன்னணிப் பாட்டுகள் நாற்பதையும் 40 ஆம் இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசையாகப் போட்டுக் கேசி கேசம் தொகுத்து வழங்கிய ‘அமெரிக்கன் டொப் 40’ நிகழ்ச்சியின் மறுஒலிபரப்பைக் கேட்கும் பழக்கம் எனக்குத் தொற்றி ஒன்றரை வருடமாகிறது. இந்நிகழ்ச்சி எண்பதுகளில் நடந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. எந்தப் பாட்டு எந்த இடத்தைப் பிடித்தது என்பது எனக்கு முன்கூட்டியே தெரியாது. அந்த அறியாமைதான் என் கைமுதல்.

பழக்கத்துக்குக் காரணம் என் மாமாவின் பெட்டி. அவர் எண்பதுகளில் வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்தவர். அங்கிருந்த ஆங்கில வானொலியில் இந்த நிகழ்ச்சி போகும்போதெல்லாம் ஒலிநாடாவில் பதிந்து, கொழும்புக்கு விடுமுறையில் வருவோர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவற்றுள் பெரும்பாலானவை பூஞ்சணம் பிடித்துப் போயின. எஞ்சியவை மூன்று டிடிகே நாடாக்கள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் ஓடுவது. மூன்றும் ஒரே நாளில் பதியப்பட்டவை என்பது, உறைகளில் பச்சை மையினால் ‘2.6.84’ என்று எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது.

முதல் நாடாவின் முதற்பக்கம் 40 ஆம் இடத்தில் தொடங்கி 34 ஆம் இடத்துப் பாட்டுடன் முடிகிறது. அதற்குப் பிறகு கேசம் ஒரு கதையைத் தொடங்குகிறார். இரண்டு வசனம் முடியவில்லை, ‘டக்’ என்ற ஓசையுடன் நாடா நின்றுவிடுகிறது. மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டால் 32 ஆம் இடத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா நாடாவை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்ட இடைவெளியில் 33 ஆம் பாட்டும் அதற்கு முன் சொல்லப்பட்ட கதையும் விழுந்துவிட்டன. பாட்டு எது என்பதை எந்தப் பட்டியலிலும் பார்த்துவிடலாம், ஐந்து நிமிடத்தில் கேட்டும் விடலாம். எனக்கு வேண்டியது அந்தக் கதை. ஆகையால் அந்த வாரத்து நிகழ்ச்சி மறுஒலிபரப்பாகும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

இங்கேதான் சிக்கல். நிகழ்ச்சியின் வரிசைக்கு அடிப்படையான, பில்போர்ட் சஞ்சிகையின் ஹொட் 100 பட்டியலில் 1984 ஜூன் 2 ஆம் திகதிக்கு முதலிடம் டெனீஸ் வில்லியம்ஸுக்கு என்றிருக்கிறது. மாமாவின் நாடாவிலோ லயனல் ரிச்சி முதலிடத்தில் நிற்கிறார். பட்டியல் பிழையா, மாமாவின் திகதி பிழையா? அடுத்தது, நான் வழக்கமாகக் கேட்கும் நிலையத்தில் எண்பதுகளின் நிகழ்ச்சி 30 ஆம் இடத்துக்குக் கிட்டவே தொடங்குகிறது. முதல் மணித்தியாலம் காணாமல் போய்விடுகிறது. மாமாவின் 33 விழுந்ததும் அதே மணித்தியாலத்தில்தான் என்பது என் துரதிர்ஷ்டம். இன்னொரு மனக்குறையும் உண்டு. போன கிழமை 1982 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைக் கேட்டேன், இந்தக் கிழமை 1986. போன கிழமை 27 இல் நின்ற பாட்டு ஏறியதா, இறங்கியதா என்பது தெரியாமலே வருடம் தாவிவிடுகிறது. தொடர்கதையின் நடு அத்தியாயங்களை மட்டும் யாரோ கிழித்துக் கிழித்துக் கையில் தருவது போலிருக்கிறது. இதை நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஒரு வேண்டுகோள்: அந்த வாரத்தின் 33 ஆம் பாட்டு எது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

வெள்ளவத்தைவாசிக்கு, முதலில் திகதிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மற்றவை அதில்தான் தொங்குகின்றன.

பட்டியலும் சரி, மாமாவும் சரி. அந்நாளில் இந்த நிகழ்ச்சி எல்லா நிலையங்களிலும் ஒரே வேளையில் நேரடியாகப் போனது என்று பலர் எண்ணுகிறார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் பதிவாகி, இசைத்தட்டாக அச்சாகி, நிலையம் நிலையமாகப் பொதியில் போனது அது. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அரை மணித்தியாலம் அடங்கும். 1978 ஒக்டோபர் வரை நிகழ்ச்சி மூன்று மணித்தியாலம், ஆகவே மூன்று தட்டுகள். அதன் பின் நான்கு மணித்தியாலம், நான்கு தட்டுகள். தட்டுகளோடு ஒரு தாளும் வரும். எந்தப் பாட்டுக்குப் பின் உள்ளூர் விளம்பரத்துக்கு இடம், அதற்கு எவ்வளவு நேரம், எந்தச் சொல்லைக் கேட்டதும் அடுத்த தட்டைத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கலையகத்தில் இருப்பவர் அந்தத் தாளைக் கண்முன் வைத்துக்கொண்டு இரண்டு சுழல்மேடைகளில் தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட வேண்டும். நான் இளமையில் சிறிது காலம் ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்தவன். ஒரு தட்டு முடியும் தறுவாயில் மற்றத் தட்டின் தொடக்கப் பள்ளத்தில் ஊசியை வைத்துக் கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதன் பதற்றம் எனக்குத் தெரியும். கை ஒரு கணம் பிந்தினாலும் நேயர் காதில் வெறுமை விழும்.

அந்தப் பொதி கடல் கடந்து வளைகுடாவுக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கும். உங்கள் மாமா எழுதி வைத்தது தாம் பதிந்த திகதியை. நிகழ்ச்சியின் திகதி அதற்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்பதைக் கணக்கிடலாம். 1984 இல் பில் கொலின்ஸ் ஏப்ரல் 21, ஏப்ரல் 28, மே 5 ஆகிய மூன்று பட்டியல்களில் முதலிடத்தில் இருந்தார். அடுத்த இரண்டு, அதாவது மே 12 உம் மே 19 உம், லயனல் ரிச்சிக்கு. மே 26 இல் டெனீஸ் வில்லியம்ஸ் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். ஆகவே உங்கள் நாடா மே 12 அல்லது மே 19. முதலிடத்தை அறிவிக்கும்போது, அந்தப் பாட்டு புதிதாக ஏறியதா, எத்தனையாவது வாரமாக நிற்கிறது என்பதைக் கேசம் சொல்லாமல் விடுவது அரிது. கடைசி நாடாவின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கேட்டால் விடை கிடைக்கும்.

மறுஒலிபரப்பைப் பற்றி. 2006 இல் எக்ஸ்எம் செய்மதி வானொலி பழைய நிகழ்ச்சிகளை மீண்டும் தொடங்கியது; பின்னர் சாதாரண நிலையங்களுக்கும் எழுபதுகள் ஒரு தொகுப்பாகவும் எண்பதுகள் இன்னொரு தொகுப்பாகவும் விநியோகமாயின. நாட்காட்டியின் அதே வார இறுதிக்குரிய பழைய நிகழ்ச்சி ஒன்றைத் தெரிந்தெடுப்பதுதான் முறை. மே நடுப்பகுதி என்றால் மே நடுப்பகுதி நிகழ்ச்சி, ஆண்டு மட்டும் மாறும். நீங்கள் சொல்லும் தாவல் இதனால் வருவது.

எண்பதுகளின் தொகுப்பில் கேசத்தின் குரல் 1988 ஓகஸ்ட் 6 ஆம் திகதியுடன் நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் ஷேடோ ஸ்டீவன்ஸ் அந்த ஆசனத்துக்கு வந்தார். ஆகவே மே மாதத்து வார இறுதி ஒன்றுக்கு 1980 முதல் 1988 வரை ஒன்பது நிகழ்ச்சிகள் இருப்பில் உண்டு, ஒக்டோபருக்கு எட்டுத்தான். ஒன்றும் இரண்டாம் முறை வராமல் ஒழுங்காகச் சுற்றினால்கூட, தவறவிட்ட ஒரு மே நிகழ்ச்சிக்கு ஒன்பது வருடம் காத்திருக்க நேரலாம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, கணக்கு அப்படி.

முதல் மணித்தியாலம் விழுவதற்குக் காரணம் இடவசதி. நான்கு மணித்தியாலத்தை ஒதுக்க முடியாத நிலையங்கள் மூன்று மணித்தியால வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. அதில் வெட்டப்படுவது தொடக்கம். முடிவை வெட்ட முடியாதல்லவா? இடையிடையே எண்ணிக்கைக்குள் அடங்காத உபரிப் பாட்டு ஒன்று வேறொருவர் குரலில் அறிமுகமானால் குழம்ப வேண்டாம். விளம்பரம் கிடைக்காத இடத்தை நிரப்புவதற்காக மறுஒலிபரப்பின்போது சேர்த்தது அது.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ‘இடவசதி’ என்ற சொல்லோடு அதைக் கடந்துபோக என்னால் முடியாது. வெட்டுவதற்கு மிக மோசமான இடம் தொடக்கம்தான் என்பது என் கட்சி.

முதலாம், இரண்டாம், மூன்றாம் இடப் பாட்டுகளைக் கேட்பதற்கு இந்த நிகழ்ச்சி எதற்கு? பழைய பாட்டு போடும் நிலையம் எதைத் திருப்பினாலும் அவையே ஒலிக்கின்றன. கடையில், மின்தூக்கியில், கலியாண மண்டபத்தில் எல்லாம் அவைதாம். மாறாக, 38 இல் ஒரு வாரம் எட்டிப்பார்த்து, 36 க்கு ஏறி, மூன்றாம் வாரம் விழுந்துபோன பாட்டை இன்றைக்கு வேறு யார் போடுவார்கள்? அந்தப் பாட்டுக்கும் ஒரு பாடகர் இருந்தார், வாத்தியக்காரர் இருந்தார்கள், அதுவும் ஏறிவிடும் என்று நம்பிக் காசு போட்டவர்கள் இருந்தார்கள். அதைக் கேசம் முதலிடத்துப் பாட்டுக்குக் கொடுத்த அதே அக்கறையோடு அறிமுகம் செய்வார்.

இந்த நிகழ்ச்சியின் முதலாவது ஒலிபரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970 ஜூலை 4 ஆம் திகதி வார இறுதி, ஏழே ஏழு நிலையங்கள். எல்விஸ் பிரெஸ்லியும் பீட்டில்ஸும் ஒரே வேளையில் முதல் பத்துக்குள் இருந்த கடைசி வாரம் அது என்பதை இந்த விடயத்தில் ஈடுபாடுள்ள எவரும் சொல்வார்கள். ஆனால் அன்று முதன்முதலில் ஒலித்த பாட்டு 40 ஆம் இடத்தில் இருந்த மார்வின் கேயின் பாட்டு. அது 40 க்கு மேல் ஏறவேயில்லை. அவ்வளவு பெரிய பாடகர், அவ்வளவு பெரிய நிகழ்ச்சியின் முதற்பாட்டு, அடுத்த வாரம் பட்டியலின் அந்தப் பகுதியில் இல்லை. மூன்று மணித்தியாலமாக வெட்டும் கத்தி 1970 இல் இருந்திருந்தால் நிகழ்ச்சி மார்வின் கே இல்லாமல் தொடங்கியிருக்கும்.

ஆகையால் நான் எழுபதுகளின் பக்கம். அந்நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை மூன்று மணித்தியாலமாகவே பிறந்தவை, வெட்டத் தேவையில்லை. தெரிவும் சற்றுக் கூடுதல்: தொடக்கம் 1970 ஜூலை என்பதால் ஜனவரிக்கு ஒன்பது ஆண்டுகள், ஓகஸ்டுக்குப் பத்து.

வருடம் தாவுவதைப் பற்றி வெள்ளவத்தைவாசி குறைப்பட்டிருந்தார். எனக்கு அது குறையாகப் படவில்லை. குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டே கேட்பவள் நான். ஒரு தடவை தட்டுகளை ஏற்றி அவித்து இறக்க இரண்டு பாட்டு. போன கிழமை 27 இல் நின்றது என்னவாயிற்று என்று நினைவு வைத்திருக்க எனக்கு நேரமில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் எல்லாமே இருக்கிறது: ஏறுவது, இறங்குவது, புதிதாக வருவது, நான்கு வாரமாக அசையாமல் அடம்பிடிப்பது. அடுத்த கிழமை வேறொரு வருடத்துக்குப் போனால் வேறொரு வீட்டு விசேடத்துக்குப் போய்வந்ததாக வைத்துக்கொள்கிறேன்.

தம்பிக்கு இன்னொரு விடயம். உங்கள் முதல் மணித்தியாலம் எல்லா நேரமும் கத்தியால் போனதென்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், நவம்பரில் பின்னே இழுப்பார்கள். நாங்கள் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. அவர்களுடைய கிழக்குக் கரையில் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி கொழும்பில் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. மார்ச் மாத நடுவில் நான் 6.30 க்கு நிலையத்தைத் திறந்து, பத்துப் பாட்டு எங்கே என்று தேடியிருக்கிறேன்.

பம்பலப்பிட்டி நேயர் எழுதியது:

இந்த உரையாடலைப் படித்தபோது என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். தரவரிசையில் பாட்டைக் கேட்கும் பைத்தியம் இந்தக் கொழும்புக்குப் புதிதன்று. 1970 இற்கு எவ்வளவோ முன்பே, இலங்கை வானொலியிலிருந்து புதன்கிழமை இரவு 8 மணிக்கு அமீன் சயானியின் ஹிந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘பினாக்கா கீத்மாலா’ போய்க்கொண்டிருந்தது. 1952 இல் தொடங்கியது. அப்போது இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கரின் காலத்தில் ஆகாசவாணி திரைப்பாடல்களை ஓரங்கட்டியதால், இந்தியா முழுவதும் தன் சொந்தப் பாட்டைக் கேட்பதற்குக் கொழும்பின் சிற்றலையைத் திருப்பியது.

ஐயா சொன்ன பொதிக் கதை இங்கும் உண்டு. கீத்மாலா பம்பாயில் பதிவாகும். நாடா விமானத்தில் கொழும்புக்கு வரும். இங்கிருந்து அலையில் ஏறி மீண்டும் பம்பாய்க்கே போகும். தொடக்கத்தில் ஏழு பாட்டுகளை வரிசையில்லாமல் போட்டு, வரிசையை நேயர்களே எழுதி அனுப்பும் போட்டியாக இருந்தது. கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவியத் தொடங்கிய பின்னர்தான் அது தரவரிசை நிகழ்ச்சியாக மாறியது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் வைத்து வரிசை தீர்மானமாகும். இடத்தைச் சயானி ‘பாய்தான்’ என்பார், ஏணிப்படி என்று பொருள்.

என் தகப்பனாருக்கு ஹிந்தி தெரியாது. ஆனாலும் புதன்கிழமை இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் முடிந்துவிட வேண்டும். பிற்காலத்தில் பதினாறு பாட்டுகள் என்றாயிற்று. பதினாறாம் படியிலிருந்து இறங்கி இறங்கி வருவதைப் பல வருடம் கேட்டதில் அவருக்கு ஹிந்தி எண்கள் மட்டும் மனப்பாடம். ஆனால் பதினாறிலிருந்து கீழே வந்தால்தான் வரும். ஒன்றிலிருந்து மேலே எண்ணச் சொன்னால் நான்கில் நின்றுவிடுவார். பெற்றாவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு சிந்திக்காரரோடு விலை பேசும்போது, வேண்டிய எண்ணை அடைவதற்குப் பதினாறிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வருவாராம். அந்த நிகழ்ச்சியை எட்டாம் படியில் தொடங்கியிருந்தால் அவர் பாதிக் கணக்கோடு நின்றிருப்பார். கொட்டாஞ்சேனைச் சகோதரியின் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுஒலிபரப்பு என்று வரும்போது கேசம் அதிர்ஷ்டசாலி. கீத்மாலா 1989 இல் ஆகாசவாணியின் விவித் பாரதி சேவைக்குப் போய்விட்டது. பின்னாளில் சயானியின் அறிமுகங்களுடன் தொகுப்புகள் வந்தன, நானும் வாங்கினேன். அவை நல்லவையே. ஆனால் தொகுப்பில் வென்ற பாட்டுகள்தாம் இருக்கும். 1965 இல் ஏதோ ஒரு புதன்கிழமை பதினான்காம் படியில் எது நின்றது, அதற்கு முன் சயானி என்ன சொன்னார் என்பதை அந்தப் புதன்கிழமையின் முழு நாடா இருந்தால் மட்டுமே அறியலாம். அமெரிக்க நிகழ்ச்சி தட்டில் அச்சானதால் யாரோ ஒருவர் அலுமாரியில் ஒரு பிரதி தப்பியது. சயானி 2024 பெப்ரவரியில் காலமானபோது நான் தேடியது அப்படியான ஒரு முழு மணித்தியாலத்தைத்தான்.

இன்னொன்று. 1978 இல் கேசம் தொடங்கிய தூரதேச அர்ப்பணிப்புப் பகுதியை நீங்கள் யாரும் குறிப்பிடவில்லையே! நேயர் எழுதிய கடிதத்தைக் கேசம் வாசித்து, தூரத்தில் இருக்கும் ஒருவருக்காக அவர் கேட்ட பாட்டைப் போடும் அந்தப் பகுதி வரும்போது என் மனைவி எழுந்து அறைக்குள் போய்விடுவாள், அழுகை வருகிறது என்று. எங்கள் வர்த்தக சேவையின் பிறந்தநாள் வாழ்த்தில் ஊர்ப்பெயர்களோடு பாட்டன், பாட்டி, மாமன், மாமி என்று வாசித்துக்கொண்டு போவார்கள், அது சிரிப்போடு கேட்பது. இவரோ ஒரே ஒரு கடிதத்தை எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். கொஞ்சம் அதிகமாகவே உருகுகிறார் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் இதைச் சொல்ல முடியாது.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய இசைத்தட்டு ஐயா சொன்னபடி மூன்றாம் நாடாவின் கடைசிப் பகுதியை நேற்றிரவு கேட்டேன். நாடா இழுபட்டு இருந்ததால், இசைப்பெட்டியில் போடுமுன் பென்சிலைச் செருகி இறுக்கிச் சுற்ற வேண்டியிருந்தது. லயனல் ரிச்சியின் பாட்டு புதிதாக முதலிடத்துக்கு வந்திருப்பதாகக் கேசம் தெளிவாகச் சொல்கிறார். ஆகவே நிகழ்ச்சி 1984 மே 12 வார இறுதிக்குரியது. மாமா பதிந்தது ஜூன் 2. சரியாக மூன்று கிழமை அந்தத் தட்டுகள் வழியில் இருந்திருக்கின்றன, அல்லது அந்த நிலையத்தின் வரிசை அப்படி.

அக்கா சொன்ன கடிகார விடயமும் என் கதைதான். சென்ற மார்ச்சில் நிலையத்தின் மீது வீணாகக் கோபப்பட்டிருக்கிறேன். பம்பலப்பிட்டி நேயர் ஐயாவின் தகப்பனாரைப் பற்றி வாசித்துவிட்டு அலுவலகத்தில் தனியாகச் சிரித்தேன்.

தனிமடலில் 33 ஆம் பாட்டின் பெயரை அனுப்பிய அன்பருக்கு: தலைப்பைப் பார்த்தவுடன் திறக்காமல் அழித்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

பழைய இசைத்தட்டு எழுதியது:

மே 12 என்றால் நீங்கள் காத்திருக்க வேண்டிய வார இறுதி ஒவ்வொரு வருடமும் மே இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். நிலையங்கள் எந்த ஆண்டின் நிகழ்ச்சி என்பதை ஓரிரு நாள் முன்னதாகத் தங்கள் பக்கத்தில் போடுவதுண்டு. 1984 என்று கண்டால், முழு நான்கு மணித்தியாலத்தையும் எடுக்கும் நிலையம் எது என்பதை முதலில் பாருங்கள்; 40 ஆம் இடத்தில் தொடங்குகிறதா என்பதே அடையாளம். ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு நிலையங்கள் சனியிலும் ஞாயிறிலும் வெவ்வேறு நேரங்களில் போடுவதால் ஒன்று தவறினால் இன்னொன்றைப் பிடிக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கேசத்தின் கைவரிசையில் முக்கியமானது, விளம்பரத்துக்கு முன் ஒரு புதிரைத் தொடங்கி, அதற்குப் பின் அவிழ்ப்பது. சில வேளை அந்தப் புதிர் அடுத்த பாட்டுக்கு உரியதாகவே இருக்காது. இன்னும் சில பாட்டு கழித்து வரும் ஒன்றுக்காக முன்கூட்டியே தூண்டில் போட்டிருப்பார். நீங்கள் கேட்ட அந்த இரண்டு வசனம் 33 க்கு உரியதுதான் என்று எப்படித் தெரியும்? மறுபக்கத்தில் 32, 31, 30 ஆகியவற்றின் அறிமுகங்களை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். தேடும் கதையின் பின்பாதி உங்கள் கையிலேயே இருக்கக்கூடும்.

கொட்டாஞ்சேனைக்காரி எழுதியது:

இதைத் தம்பியின் மாமாவிடம் நேரே கேட்டால் என்ன? அவர் இருக்கிறார்தானே?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

இருக்கிறார், தெஹிவளையில். ஞாயிற்றுக்கிழமை நாடாவையும் இசைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

ஐயா சொன்னபடி 32, 31, 30 மூன்றையும் முதலில் கேட்டுவிட்டேன். கதையின் பின்பாதி அங்கே இல்லை. ஆகவே அது 33 க்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

மாமாவுக்கு நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு நாடாவின் நடுப்பகுதி நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதற்பக்கத்தின் கடைசி நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். 34 ஆம் பாட்டு முடிந்தது, கேசம் கதையைத் தொடங்கினார், ‘டக்’ என்று நின்றது. மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். வழக்கமாக எவ்வளவு நேரத்தில் நாடாவைத் திருப்புவீர்கள் என்று கேட்டேன். கை பழகிவிட்டால் ஐந்து செக்கனுக்கு மேல் ஆகாது என்றார். அப்படியென்றால் இங்கே மட்டும் ஏன் ஒரு முழுப் பாட்டே விழுந்தது என்று கேட்டேன்.

“அது ஆரின்ர பாட்டெண்டு அவன் கதை துவங்கேக்கையே விளங்கீட்டுது தம்பி. எனக்குக் கண்ணில காட்டக் கூடாத ஆள். அதாலதான் ஆறுதலாத் திருப்பினனான்” என்றார்.

ஆள் யார் என்று சொல்ல வாயெடுத்தவரை நான் தடுத்துவிட்டேன். மே மாதம் 1984 வந்தால் அவரையும் வெள்ளவத்தைக்கு அழைத்து வந்து, நாற்பதிலிருந்து கேட்க வைப்பதாக இருக்கிறேன். 33 வரும்போது தேநீர் போட எழுந்து போய்விடுவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.